லினக்ஸ் லேப்டாப்பில் மாதாந்திர டேட்டா கணக்கை ரீசார்ஜ் கணக்கோடு ஒத்துப்போகும்படி வைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: உபுண்டு போட்ட லேப்டாப். வீட்டில் பிராட்பேண்ட் வைஃபை, வெளியே போனால் போன் ஹாட்ஸ்பாட். விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் போனாலே கடந்த 30 நாளில் எவ்வளவு டேட்டா போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். லினக்ஸில் அப்படி ஒரு பக்கமே இல்லையே, மாதக் கணக்கை எங்கே பார்ப்பது? ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தாலும் அது காட்டும் எண் ரீசார்ஜ் கணக்கோடு ஏன் ஒத்துப்போவதில்லை?

முதல் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். விஎன்ஸ்டாட் என்ற சிறிய மென்பொருளை இன்றைக்கே நிறுவிவிடுங்கள். நிறுவிய நாளுக்கு முந்தைய கணக்கை எதைக் கொண்டும் மீட்க முடியாது, அதனால்தான் இன்றைக்கே என்கிறேன். இரண்டாவது பாதிக்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டும். லேப்டாப் எண்ணுவது நெட்வொர்க் கார்டு வழியாகப் போய்வந்த பைட்டுகளை. நிறுவனம் எண்ணுவது உங்கள் சிம் வழியாகவோ இணைப்பு வழியாகவோ போய்வந்த பைட்டுகளை. இரண்டுக்கும் மாதம் தொடங்கும் நாள் வேறு, அளவு சொல்லும் அலகு வேறு, எண்ணும் இடமும் வேறு. இந்த மூன்றையும் சரிப்படுத்தாமல் எந்த மென்பொருளைப் போட்டாலும் வருகிற எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

(கமாண்டுகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்பில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். விஎன்ஸ்டாட் என்பது வி, என் என்ற இரண்டு எழுத்துகளோடு ஸ்டாட் சேர்ந்த ஒரே சொல்.)

லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் உள்ளே வந்தது எத்தனை பைட், வெளியே போனது எத்தனை பைட் என்று எப்போதும் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. ப்ராக் கோப்புறைக்குள் நெட், அதற்குள் டெவ் என்ற கோப்பைத் திறந்தால் நேரடியாகவே பார்க்கலாம். இணைப்பின் பெயருக்கு அடுத்த முதல் எண் வந்த பைட், ஒன்பதாவது எண் போன பைட். ஆனால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் இந்த எண்கள் பூஜ்யத்துக்குப் போய்விடும். க்னோம் சிஸ்டம் மானிட்டரில் மொத்தம் வந்தது இவ்வளவு என்று காட்டுவதும் இதே எண்தான், அதாவது கடைசியாக லேப்டாப்பைப் போட்டதிலிருந்து உள்ள கணக்கு. அதை மாதக் கணக்கு என்று நம்பிவிடாதீர்கள்.

வீட்டு மின் மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கணக்கெடுப்பவர் வந்து அட்டையில் எழுதினால்தான் அது கணக்காகும். விஎன்ஸ்டாட் செய்வது அந்தக் கணக்கெடுப்பு வேலைதான். அதன் டீமன், அதாவது எப்போதும் ஓடும் துணை நிரல், பின்னணியில் ஓடி, சில நொடிகளுக்கு ஒருமுறை கெர்னலின் எண்ணைப் படித்து, முன்பு படித்ததோடு உள்ள வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்கிறது. இயல்பு அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸில் எழுதிவைக்கிறது. போய்வரும் பாக்கெட்டுகளை அது பிரித்துப் பார்ப்பதே இல்லை. அதனால் பேட்டரியையும் சிபியுவையும் தின்னாது, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்றும் அதற்குத் தெரியாது. பழைய லேப்டாப் வைத்திருக்கும் யாருக்கும் நான் இதைத் தயங்காமல் சொல்வேன். டீமு டோய்வோலா என்ற ஃபின்லாந்துக்காரர் 2002-லிருந்து இதைப் பராமரித்துவருகிறார். இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே வேலையை ஒழுங்காகச் செய்யும் மென்பொருள் இது.

உபுண்டு, டெபியன், மின்ட் என்றால் ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கமாண்ட்) வழியாக விஎன்ஸ்டாட் பேக்கேஜை நிறுவினால் போதும், சர்வீஸ் (மேலே சொன்ன டீமன்) தானாகவே ஓடத் தொடங்கிவிடும். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் நிறுவிய பிறகு சிஸ்டம்சிடிஎல் கொண்டு சர்வீஸை எனேபிள் செய்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். நிறுவிய உடனே கமாண்டை ஓட்டினால் போதுமான டேட்டா இன்னும் இல்லை என்றுதான் வரும். பயப்பட வேண்டாம், ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

அப்புறம் ‘விஎன்ஸ்டாட் -எம்’ என்று அடித்தால் மாதக் கணக்கு வரும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. முதலில் ஆர்எக்ஸ், அது டவுன்லோட். அடுத்தது டிஎக்ஸ், அது அப்லோட். பிறகு மொத்தமும் சராசரி வேகமும். பட்டியலுக்குக் கீழே எஸ்டிமேட்டட் என்று ஒரு வரி வரும், நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். உதாரணத்துக்கு, மே 20-ஆம் தேதி இரவு பார்க்கிறீர்கள். வந்தது 41.27, போனது 3.90, மொத்தம் 45.17 ஜிஐபி என்று இருக்கிறது. இதே போக்கில் போனால் மாதம் முடியும்போது சுமார் 70 ஜிஐபி ஆகும் என்று அந்த வரி சொல்லும். உங்கள் வரம்பு 60 என்றால் கையில் இன்னும் பதினோரு நாள் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. எம்முக்குப் பதில் டி போட்டால் நாள் கணக்கு, ஹெச் போட்டால் மணிக்கணக்கு, டாப் என்பதன் முதல் எழுத்தான டி-யைப் போட்டால் அதிகம் செலவான நாட்கள். இந்த இரண்டு டி-யும் தமிழில் ஒன்றாகத் தெரியும். நாளுக்கு டே-யின் முதல் எழுத்து, டாப்புக்கு டாப்-பின் முதல் எழுத்து என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு நிறுத்தினால் ஒன்றாம் தேதி முதல் மாதக் கடைசி வரையுள்ள கணக்குதான் கிடைக்கும். உங்கள் பில் 12-ஆம் தேதி தொடங்கினால் அந்த எண்ணால் உங்களுக்கு என்ன பயன்? ஈடிசி கோப்புறையில் விஎன்ஸ்டாட் டாட் கான்ஃப் என்ற கோப்பு இருக்கிறது. சூடோ (நிர்வாகி உரிமை தரும் கமாண்ட்) போட்டுத் திறந்து, மந்த்ரொட்டேட் என்ற வரியைத் தேடுங்கள். இரண்டு சொல் ஒட்டியிருக்கும், எம்மும் ஆரும் பெரிய எழுத்து. அதில் 1 என்று இருப்பதை 12 ஆக்குங்கள். வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாற்றம் எடுபடாது. சேமித்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் ஜூன் 11 வரை ஓடுவதெல்லாம் மே கணக்கிலேயே சேரும். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான கணக்கை அது திருத்தி எழுதாது, இனி வருவதற்கு மட்டும்தான் பொருந்தும். 1 முதல் 28 வரை உள்ள தேதிகளை மட்டும்தான் ஏற்கும்.

பிராட்பேண்டுக்கும் போஸ்ட்பெய்டுக்கும் இது போதும். ப்ரீபெய்டுக்குப் போதாது, ஏனென்றால் நம் ஊரில் ப்ரீபெய்டு மாதம் என்பது பெரும்பாலும் 28 நாள். வருடத்துக்கு 13 ரீசார்ஜ். தேதி ஒவ்வொரு முறையும் நகர்ந்துகொண்டே போகும். (முழு 30 நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்று 2022-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவிட்டது. அதே தேதித் திட்டம் எடுத்தவர்களுக்கு மந்த்ரொட்டேட்டே போதும்.) 28 நாள்காரர்கள் நாள் கணக்கையே தேதி கொடுத்துக் கேட்க வேண்டும். நாள் கணக்குக்கான கமாண்டோடு இரட்டைக் கோடு போட்டு பிகின் என்று தொடக்கத் தேதி, இரட்டைக் கோடு போட்டு எண்ட் என்று கடைசித் தேதி. மே 3-ல் ரீசார்ஜ் செய்திருந்தால் மே 3 முதல் மே 30 வரை. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் நடுவில் சிறு கோடு போட்டு எழுதுங்கள். 28 வரிகளும், கீழே அவற்றின் கூட்டுத்தொகையும் வரும். இந்தக் கமாண்டை ஒரு அலியாஸாக (சுருக்கப் பெயராக) வைத்துக்கொண்டு, ரீசார்ஜ் செய்யும்போதெல்லாம் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

84 நாள் திட்டம் வைத்திருப்பவர்கள் இதில் ஏமாந்து போக வாய்ப்பு இருக்கிறது. இயல்பு அமைப்பில் விஎன்ஸ்டாட் நாள் கணக்கை 62 நாள்தான் வைத்திருக்கும், அதற்கு முந்தையதை அழித்துவிடும். மூன்றாவது மாதத்தில் கேட்டால் முதல் இருபது நாள் காணாமல் போயிருக்கும், கூட்டுத்தொகை குறைவாக வரும், அதைப் பார்த்து இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். அதே கான்ஃப் கோப்பில் டெய்லிடேஸ் என்ற வரியை 100 அல்லது 200 ஆக்கிவிடுங்கள். வட்டில் இடம் பிடிப்பது ஒன்றுமே இல்லை. தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று நாள் வரம்பு உள்ள திட்டம் என்றால் மாதக் கணக்கே தேவையில்லை, இன்றைய வரியைப் பார்த்தால் போதும். அந்தக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்குகிறது, விஎன்ஸ்டாட்டும் அப்படித்தான்.

அடுத்தது அலகு. மேலே ஜிஐபி என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஜிஐபி என்றால் 1024-ஐ மும்முறை பெருக்கியது, ஜிபி என்றால் 1000-ஐ மும்முறை பெருக்கியது. வித்தியாசம் 7.4 சதவீதம். 60 ஜிபி என்பது விஎன்ஸ்டாட்டின் இயல்பு அமைப்பில் 55.9 ஜிஐபி என்றுதான் தெரியும். உங்கள் நிறுவனத்தின் விதிமுறையில் 1 ஜிபி என்றால் 1000 எம்பியா 1024 எம்பியா என்று பாருங்கள். 1024 என்றால் எதையும் மாற்ற வேண்டாம். 1000 என்றால் கான்ஃப் கோப்பில் யூனிட்மோட் என்பதை 2 ஆக்குங்கள், பத்தின் அடிப்படையில் காட்டும்.

இப்போது எண்ணும் இடத்துக்கு வருவோம். இதில்தான் பெரும்பாலானவர்களுக்குக் கணக்கு இடிக்கிறது.

விஎன்ஸ்டாட்டுக்கு வைஃபை என்பது ஒரே இணைப்பு, டபிள்யூஎல் என்று தொடங்கும் ஒரு பெயர். அது வீட்டு ரவுட்டரோடு பேசுகிறதா, போனின் ஹாட்ஸ்பாட்டோடு பேசுகிறதா, நூலகத்து இலவச வைஃபையோடு பேசுகிறதா என்று அதற்குத் தெரியாது. எல்லாம் ஒரே கணக்கில் விழும். அதோடு, வீட்டுக்குள்ளேயே இன்னொரு கணினியிலிருந்து ஒரு 4 ஜிபி படத்தை வைஃபை வழியாகக் காப்பி செய்தால் அதுவும் சேரும், இணையத்துக்கே போகாவிட்டாலும். விபிஎன் போட்டிருந்தால் அதற்குத் தனியாக ஒரு இணைப்பு தோன்றும். அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு பைட்டும் வைஃபை கணக்கிலும் இருக்கும், விபிஎன் கணக்கிலும் இருக்கும். எல்லா இணைப்பையும் கூட்டினால் இரட்டிப்பாகிவிடும். டாக்கர் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். அதனால் கூட்டும்போது உண்மையான கார்டுகளை மட்டும் கூட்டுங்கள். ‘-ஐ’ போட்டு, இரண்டு இணைப்புப் பெயர்களை நடுவில் கூட்டல் குறியோடு எழுதினால் அந்த இரண்டின் மொத்தத்தை மட்டும் காட்டும்.

ஹாட்ஸ்பாட்டைத் தனியாகப் பிரிக்க நான் சொல்லும் முதல் வழி யூஎஸ்பி டெதரிங். போனைக் கேபிளில் செருகி இணையம் எடுத்தால் லினக்ஸ் அதை வேறு கார்டாகவே பார்க்கும், கணக்கும் தானாகப் பிரிந்துவிடும். போனுக்குச் சார்ஜும் ஏறும், வைஃபையைவிட இணைப்பும் நிலையாக இருக்கும். ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கார்டின் பெயர், எந்த யூஎஸ்பி துளையில் செருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தோ, போன் சொல்லும் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை) பொறுத்தோ மாறலாம். பெயர் மாறினால் விஎன்ஸ்டாட் அதைப் புதிய ஆளாக நினைக்கும், இயல்பு அமைப்பில் கணக்கிலேயே சேர்க்காது. இதைத் தீர்க்க ஈடிசி, சிஸ்டம்டி, நெட்வொர்க் கோப்புறைக்குள் லிங்க் என்று முடியும் ஒரு சிறு கோப்பு எழுதி, ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட் என்ற டிரைவரில் வருவதற்கெல்லாம் இந்தப் பெயர்தான் என்று ஒரு நிலையான பெயர் கொடுத்துவிடலாம். சில புதிய போன்கள் சிடிசி என்சிஎம் டிரைவரில் வரும், அதையும் சேர்த்துவிடுங்கள். பிறகு ஒரே ஒரு முறை, இரட்டைக் கோடு ஆட் என்ற ஆப்ஷனோடு அந்தப் பெயரை விஎன்ஸ்டாட்டில் சேர்த்தால் முடிந்தது.

கேபிள் வேண்டாம், வைஃபை ஹாட்ஸ்பாட்தான் வேண்டும் என்றால் இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரின் டிஸ்பேச்சர் கோப்புறை கைகொடுக்கும். ஒவ்வொரு முறை இணைப்பு கூடும்போதும் துண்டிக்கும்போதும் அதிலுள்ள ஸ்கிரிப்டுகளை அது ஓட்டும், இணைப்பின் பெயரையும் சொல்லும். கூடும்போது கெர்னலின் எண்ணைக் குறித்துவை, துண்டிக்கும்போது மறுபடி குறித்துவை என்று பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் ஹாட்ஸ்பாட் பெயருக்கு எதிரே எவ்வளவு போனது என்று ஒரு பதிவு சேர்ந்துகொண்டே வரும். ஸ்கிரிப்ட் ரூட்டுக்கு (நிர்வாகிப் பயனருக்கு) சொந்தமாக இருக்க வேண்டும், ரூட் தவிர வேறு யாரும் திருத்த முடியாதபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டாது. ஸ்கிரிப்ட் எழுத விருப்பமில்லை என்றால் போனிலேயே பாருங்கள். ஆண்ட்ராய்டின் டேட்டா யூசேஜ் பட்டியலில் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்று தனி வரி இருக்கும். அதிலும் பில் தொடங்கும் தேதியை மாற்ற முடியும். லேப்டாப் கணக்கைச் சரிபார்க்கவும் அதுவே உதவும். போனில் நீங்கள் பார்த்த வீடியோ, வாட்ஸ்அப் எல்லாம் அதே சிம்மில்தான் போகிறது, அது லேப்டாப் கணக்கில் வராது. அதனால் நிறுவனத்தின் எண் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

சரி, எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிட்டது. அது எங்கே போகிறது? விஎன்ஸ்டாட் அதைச் சொல்லாது, ஆனால் துப்புக் கொடுக்கும். மணிக்கணக்கைப் பாருங்கள். காலையில் லேப்டாப்பைத் திறந்து மெயில் மட்டும்தான் பார்த்தீர்கள், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் 700 எம்ஐபி வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் அப்டேட்தான். உபுண்டுவிலும் டெபியனிலும் ஆப்டின் தினசரி டைமர் நாளுக்கு இருமுறை ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் லேப்டாப் அணைந்திருந்தால், போட்ட பிறகு தவறவிட்ட வேலையைச் செய்யத் தொடங்கும். உபுண்டுவின் இன்னொரு மென்பொருள் நிறுவும் முறையான ஸ்னாப் தனியாக நாளுக்கு நான்கு முறை பார்க்கும். ‘ஸ்னாப் சேஞ்சஸ்’ என்று அடித்தால் எந்த நேரத்தில் எதைப் புதுப்பித்தது என்ற பட்டியல் வரும். வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதில் ஹிஸ்டரி என்ற கோப்பில் ஆப்ட் செய்ததெல்லாம் நேரத்தோடு இருக்கும். மணிக்கணக்கையும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

இந்த நொடியில் எந்த நிரல் இழுக்கிறது என்று பார்க்க நெட்ஹாக்ஸ் என்ற கருவி நல்லது. சூடோ போட்டு ஓட்ட வேண்டும், ஓடும் நேரத்துக்கு மட்டும்தான் கணக்கு. ‘-வி 3’ சேர்த்தால் வேகத்துக்குப் பதில் மொத்த எம்பி காட்டும். இதைச் சொல்பவர்கள் பலர் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: இணையத்தில் டேட்டா போய்வரும் முறைகளில் டிசிபி, யூடிபி இரண்டும் முக்கியமானவை, நெட்ஹாக்ஸ் இயல்பாக டிசிபி போக்குவரத்தை மட்டும்தான் எண்ணும். இன்றைக்கு குரோமில் யூடியூப் பார்த்தால் பெரும்பகுதி குவிக் வழியாக, அதாவது யூடிபியில் வருகிறது. அது பட்டியலில் தெரியவே தெரியாது, பிரவுசர் சும்மா இருப்பதுபோல் தோன்றும். புதிய பதிப்புகளில் பெரிய எழுத்து சி-யோடு ‘-சி’ சேர்த்தால் இரண்டையும் எண்ணும். அதைச் சேர்க்காமல் நெட்ஹாக்ஸ் காட்டுவதை நம்ப வேண்டாம்.

கண்காணிப்பதோடு கொஞ்சம் கட்டுப்படுத்தவும் வேண்டுமானால் ஹாட்ஸ்பாட் இணைப்பை மீட்டர்ட் (டேட்டா வரம்புள்ள இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். க்னோமில் வைஃபை பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்துக்குள் அதற்கான பெட்டி இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டாக இருந்தால் நெட்வொர்க்மேனேஜர் தானே ஊகித்துக்கொள்வதும் உண்டு, ஆனாலும் கையால் குறிப்பதே நிச்சயம். அப்படிக் குறித்தால் க்னோம் சாஃப்ட்வேர் தானாக அப்டேட் இறக்காது, தானாகப் பாதுகாப்பு அப்டேட் போடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸும் ஒதுங்கிக்கொள்ளும். ஸ்னாப்புக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: சிஸ்டம் அமைப்பில் ரிஃப்ரெஷ் டாட் மீட்டர்ட் என்பதை ஹோல்ட் ஆக்குங்கள். வீட்டு பிராட்பேண்டை அப்படிக் குறிக்க வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் வந்து சேர ஒரு இணைப்பாவது திறந்திருக்க வேண்டும்.

தினமும் டெர்மினலைத் திறந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. விஎன்ஸ்டாட்டின் புதிய பதிப்புகளில் அலர்ட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. இந்த மாத மொத்தம் 50 ஜிஐபியைத் தாண்டினால் பிழைக் குறியீட்டோடு முடி என்று சொல்லலாம், அல்லது தாண்டும்போல் தெரிந்தாலே முடி என்றும் சொல்லலாம். எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது மேன் பக்கத்தில் (மென்பொருளோடு வரும் கையேட்டில்) தெளிவாக இருக்கிறது. அந்தக் குறியீடு வந்தால் நோட்டிஃபை-செண்ட் கொண்டு திரையில் அறிவிப்புக் காட்டும்படி ஒரு வரி எழுதி, சிஸ்டம்டியின் யூசர் டைமரில் மணிக்கு ஒருமுறை ஓட விடுங்கள். கிரானில் (பழைய நேர அட்டவணை நிரலில்) போட்டால் உங்கள் திரையோடு அதற்குத் தொடர்பு இல்லாததால் அறிவிப்பு வராமல் போகலாம், அதனால் யூசர் டைமரே நல்லது.

லேப்டாப்பை ஃபார்மேட் செய்யப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே வார் கோப்புறைக்குள் லிப், அதற்குள் விஎன்ஸ்டாட் கோப்புறையில் டிபி என்று முடியும் ஒரே கோப்பைக் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள், சர்வீஸை நிறுத்திவிட்டு. 2.0 பதிப்பிலிருந்து எல்லாக் கணக்கும் அந்த ஒரு எஸ்க்யூலைட் கோப்புக்குள்தான் இருக்கிறது. புதிதாகப் போட்ட லினக்ஸில் விஎன்ஸ்டாட்டை நிறுவி, மறுபடி சர்வீஸை நிறுத்தி, கோப்பை அதே இடத்தில் வைத்து, விஎன்ஸ்டாட் என்ற பயனருக்கே உரிமையைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். வைஃபை கார்டின் பெயர் பழையபடியே இருந்தால் விட்ட இடத்திலிருந்து கணக்கு தொடரும். பெயர் மாறியிருந்தால் புதிய பெயரை ஆட் செய்துவிட்டு, அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் இரண்டையும் கூட்டல் குறி போட்டுப் பாருங்கள்.